காய்ச்சி அடித்த வளையம்

ராணுவத்தில் இருபத்திரண்டு வருஷம் வண்டிகளுக்கு அடியில் படுத்துக் கிடந்த உலகநாதன், பென்ஷனோடு வெளியே வந்த பிறகும் அதே வேலையைத்தான் செய்தார். பட்டாபிராமில் ரயில்வே சைடிங் தண்டவாளத்துக்குத் தெற்கே ஒரு மனை வாங்கி, பாதியில் வீடு கட்டினார். மீதிப் பாதி வண்டிக்கு. ராணுவம் கழித்துப் போட்ட பழைய டீசல் லாரிகளை ஏலத்தில் எடுப்பார். பச்சைப் பெயிண்ட் உரிந்து, நம்பர் பலகையில் அம்புக்குறியோடு, இன்னொரு லாரியில் கட்டி இழுத்து வரப்படும் கண்டம் வண்டிகள். ஆறு மாசம், எட்டு மாசம் அவற்றோடு மல்லுக்கட்டுவார். ஓடுகிற நிலைக்கு வந்ததும் யாராவது செங்கல் சூளைக்காரர் வந்து ஓட்டிக்கொண்டு போவார்.

வீட்டில் அவருக்கு உதவிக்கு இருந்தது மனைவி கஸ்தூரிதான். பிள்ளைகள் இல்லை. பிரேக் குழாயில் காற்று எடுக்கும்போது அவள்தான் கேபினில் ஏறி உட்காருவாள். கீழேயிருந்து அவர் "மிதி" என்றால் மிதிப்பாள், "விடு" என்றால் விடுவாள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்.

1988 கடைசியில் வந்த சக்திமான் லாரியை மட்டும் உலகநாதன் விற்கப் போவதில்லை என்றார். "இது நமக்கு. நானே ஓட்டறேன். தண்ணி டேங்க் ஏத்திக்கினா வருஷம் பூரா வேல இருக்கு." மூன்று மாசம் அதைப் பிரித்து மாட்டினார். ராத்திரி சாப்பிடும்போதும் அதைப் பற்றியே பேசினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் இவ்வளவு பேசிக் கஸ்தூரி பார்த்ததில்லை.

டயர் வேலைக்கு ஷவுகத் அலி வருவார். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் அவரும் அண்ணன் கலீல் ரகுமானும் டயர் கடை வைத்திருந்தார்கள். வேலையில் ஷவுகத்துக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. சக்கரத்தைச் சுற்றிச் சங்கிலி போடாமல் காற்று ஏற்ற மாட்டார். அப்படிப் போடாத சக்கரத்தின் முன்னால் குந்தியிருந்த கடை ஆள் ஒருவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியவர். உலகநாதன்மேல் மட்டும் அவருக்கு ஒரு மரியாதை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாவிட்டாலும் மொபெட்டில் வந்து சாயங்காலம்வரை பேசிக்கொண்டிருப்பார். ஆவடி ராணுவ கேன்டீனில் வாங்கிய ரம்மை உலகநாதன் கிளாஸில் ஊற்றினால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்வார். "நீ குடி அண்ணாத்தே. எம்மேல நாத்தம் அடிக்காத பக்கமா குந்திக்கினு குடி."

பிப்ரவரியில், ஒரு திங்கட்கிழமை, வண்டியைத் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஏற்கெனவே இரண்டு தேதிகள் தவறிவிட்டன. மூன்று சக்கரங்கள் பூந்தமல்லிக்குப் போய்க் காற்றோடு திரும்பி வந்துவிட்டன. நான்காவது மட்டும் பாக்கி. லாரிச் சக்கரத்தில் டயரை வெளியே வராமல் பிடித்து வைப்பது ஓர் இரும்பு வளையம். காற்று ஏற ஏற டயர் அதைத் தள்ளும். வளையம் தன் பள்ளத்தில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தால் ஒன்றும் ஆகாது. இல்லாவிட்டால் குண்டு மாதிரி தெறிக்கும்; அதைத் தடுக்கத்தான் சங்கிலி. நான்காவது சக்கரத்தின் வளையம் துருப்பிடித்து, ஒரு பக்கம் வளைந்திருந்தது. உலகநாதன் புதுப்பேட்டைக்குப் போய்ப் பழைய உதிரிபாகக் கடை ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். அந்த அளவு வளையம் கிடைக்கவில்லை. ஒரு கடைக்காரர் செவ்வாய்க்கிழமை வரச் சொன்னார்.

உலகநாதன் செவ்வாய்வரை பொறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் கஸ்தூரியிடம் மண்ணெண்ணெய் வாங்கி ஊதுவிளக்கில் ஊற்றி, வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, தண்டவாளத் துண்டின்மேல் வைத்து அடித்து நேராக்கினார். அரத்தால் தேய்த்தார். அடித்த தடம் தெரிந்தது. அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் பூசினார். ராணுவப் பட்டறையில் ஒரு சிப்பாய் இப்படிச் செய்திருந்தால் அவனைத் தண்டனைக்கு எழுதி அனுப்பியிருப்பார். அது அவருக்கு அந்த நேரத்திலேயே தெரிந்திருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஷவுகத் வந்தார். கஸ்தூரி டீ போட உள்ளே போனாள். வளையத்தைத் தட்டிப் பள்ளத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்த ஷவுகத்தின் கை நின்றது.

"இந்த ரிங்கு இன்னா அண்ணாத்தே, ஒரு பக்கம் தூக்கிக்கினு வருது? எங்க வாங்கினே?"

"புதுப்பேட்டை."

"பெயிண்ட் இப்பதான் அடிச்சா மாரி கீது."

"துரு இருந்தது, அடிச்சேன். நான் பாத்துட்டேன் பாய். நல்லா உக்காரும்."

ஷவுகத் இன்னும் நாலு தட்டு தட்டினார். சுற்றிலும் விரலை ஓட்டிப் பார்த்தார். "சரி, சங்கிலி எடு. நான் எடுத்துகினு வரல."

வீட்டில் இருந்த ஒரே சங்கிலி வேப்பமரத்தில் கட்டியிருந்தது. அதில் பழைய கியர் பாக்ஸ் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்க அரை மணி நேரமாவது ஆகும்.

"அஞ்சு நிமிஷ வேலைக்கு அத எறக்கணுமா? நான் பாத்த ரிங்கு பாய் இது. இருபத்திரண்டு வருஷம் நான் என்னா பண்ணிக்கினு இருந்தேன்?"

ஷவுகத் மரத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "நீ சொல்றே. சரி."

காற்றுக்கு வண்டியிலேயே வசதி இருந்தது. என்ஜின் ஓடினால் பிரேக்குக்கான காற்றுத் தொட்டி நிரம்பும். அதிலிருந்து குழாயை இழுத்து டயருக்குப் பிடித்துக்கொள்ளலாம். டீ குடித்து முடித்ததும் கஸ்தூரி கேபினில் ஏறி ஆக்சிலரேட்டரை மிதித்தாள். கறுப்புப் புகை தண்டவாளம்வரை போனது. உலகநாதன் வால்வைத் திறந்துவிட்டுத் தொட்டியின் முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷவுகத் சுவரில் சாய்த்த சக்கரத்தின் முன்னால் குனிந்து குழாயைப் பிடித்திருந்தார்.

சத்தம் கேட்டபோது உலகநாதன் என்ஜின்தான் வெடித்தது என்று நினைத்தார். திரும்பினால் சக்கரம் மல்லாந்து கிடந்தது. ஷவுகத் இரண்டு கெஜம் தள்ளிக் கிடந்தார். கழுத்துக்கு மேலே பார்க்க முடியவில்லை. கஸ்தூரி எல்லாவற்றையும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டாள். ஆனால் அவள் கால் ஆக்சிலரேட்டரிலிருந்து எடுபடவே இல்லை. என்ஜின் கத்திக்கொண்டே இருந்தது. உலகநாதன் கேபினில் ஏறி, அவள் காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது.

அக்கம்பக்கத்து ஜனங்கள் ஓடி வருவதற்குள் அவர் இன்னொன்றும் செய்தார். வேலியோரம் போய் விழுந்திருந்த வளையத்தை எடுத்து, வீட்டுக்குப் பின்னால் பழைய இரும்புக் குவியலுக்குள் செருகினார். அதை ஏன் செய்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. கை செய்தது.

காவல் நிலையத்திலிருந்து வந்தவர், "என்ன வெடிச்சுது?" என்று கேட்டார்.

"டயர் சார்."

டயர் வெடித்து விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். மறுநாள் பூந்தமல்லியில் அடக்கம். உலகநாதன் சந்தூக்குக்குத் தோள் கொடுத்தார். ஆண்கள் அழுதார்கள். அவருக்கு அழுகை வரவில்லை.

ஷவுகத்தின் மனைவி வஹீதுன்னிசா நாலு மாசம் பத்து நாள் இத்தா இருந்தாள். அந்நிய ஆண்கள் யாரும் அவளைப் பார்க்கக் கூடாது. அதனால் கஸ்தூரிதான் வாராவாரம் போய் வந்தாள். பதின்மூன்று வயது மகள் குல்ஷன் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று அடம்பிடிப்பதாகச் சொன்னாள். ஏன் என்று உலகநாதன் கேட்டார்.

"கடைத் தெருவுல பேசிக்கிறாங்களாம். இருவது வருஷ டயர்காரன் சங்கிலி இல்லாம காத்து அடிப்பானா, குடிச்சிருப்பான்னு. மிலிட்டிரிக்காரன் ஊட்டுல ரம்மு கொட்டிக் கெடக்குது, ரெண்டு பேரும் காலையிலேயே ஊத்திக்கினு வேல செஞ்சாங்கன்னு. அந்தப் பொண்ணுகிட்ட பள்ளிக்கூடத்துல இத கேட்டிருக்காங்க."

"அவன் ஒரு சொட்டு தொட்டதில்ல!"

"அது எனக்குத் தெரியும். வஹீதாவுக்கும் தெரியும். ஆனா சங்கிலி ஏன் போடலன்னு அவளுக்குப் புரியல. உங்கள ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா. அவரு சங்கிலி கேக்கவே இல்லியான்னு."

உலகநாதன் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவின கையையே மறுபடி கழுவினார்.

"கேக்கல. அவசரத்துல மறந்துட்டான்."

அடுத்த வாரம் கஸ்தூரி அதைக் கொண்டுபோய்ச் சொன்னாள். வஹீதுன்னிசா, "அப்ப நான் அறியாத எதுவோ அவருகிட்ட இருந்திருக்குதுக்கா" என்றாளாம். உலகநாதன் எழுந்து வெளியே போனார். சக்திமான் வண்டி மூன்று சக்கரத்திலும் ஒரு கட்டையிலுமாக நின்றுகொண்டிருந்தது.

மே மாசம், வண்டியை இரும்பு விலைக்குக் கேட்டு வேம்புலி என்பவர் வந்தார். லாரி மெக்கானிக். உலகநாதன் வங்கிக்குப் போயிருந்தார். வேம்புலி வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்பக்கத்து இரும்புக் குவியலையும் காலால் கிளறினார். ஒரு வளையத்தை உருவி வெயிலில் பிடித்தார். கறுப்புப் பெயிண்ட் ஒரு பக்கம் உரிந்திருந்தது.

"எம்மா, இது யாரு வேல? காய்ச்சி அடிச்சி பெயிண்ட் பூசிக் கீறான். இத சக்கரத்துல மாட்டினா ஆள் பூடுவான். உங்க ஊட்டுக்காரர்கிட்ட சொல்லு, எவன் தலையிலயாவது தெரியாம கட்டிடப் போறாரு."

அவர் போன பிறகு கஸ்தூரி அந்த வளையத்தின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை மண்ணெண்ணெய் கேட்டது நினைவுக்கு வந்தது. ஊதுவிளக்கின் சத்தம், சம்மட்டிச் சத்தம், கொடியில் காய்ந்த புடவையில் பட்ட கறுப்புப் பெயிண்ட். உலகநாதன் திரும்பி வந்து கேட்டைத் திறந்தபோதும் அவள் அங்கேயே இருந்தாள்.

"அன்னைக்கு மாட்டினது இதுதானே?"

அவர் தலையை ஆட்டினார்.

"சங்கிலி கேட்டாரா?"

"கேட்டான்."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"வேணாம்னேன். நான் பாத்துட்டேன்னேன்."

கஸ்தூரி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "உங்க பொய்ய என் வாயில வெச்சு அனுப்பினீங்க. அவ புருஷன் செத்த ஊட்டுல குந்தி, அவ கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு, அதச் சொல்லிட்டு வந்தேன். இனிமே நான் எந்த மூஞ்சியோட போவேன்?"

அன்றிலிருந்து அவள் பூந்தமல்லிக்குப் போகவில்லை. சமைத்தாள், போட்டாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உலகநாதன் ஒரு நாள் ரம்மைக் கிளாஸில் ஊற்றி வைத்துக்கொண்டு பார்த்தார். குடிக்க முடியவில்லை. சாக்கடையில் கொட்டினார். சைடிங்கில் சரக்கு ரயில் தடம் மாறும்போது பெட்டிகள் மோதும் சத்தத்துக்கெல்லாம் உடம்பு தூக்கிப் போட்டது. இத்தா முடிகிற தேதி அவருக்கும் தெரியும். சுவர்க் காலண்டரில் கஸ்தூரி அதைப் பென்சிலால் சுழித்திருந்தாள்.

ஜூன் மாசக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை அவர் சட்டை மாட்டிக்கொண்டு, "நீ வர்றியா?" என்றார். கஸ்தூரி செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

பூந்தமல்லியில் மசூதித் தெருவுக்குப் பின்னால் இருந்தது வீடு. வஹீதுன்னிசா உள்கதவோரம் தலையை மூடிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னாள். உலகநாதன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். காய்ச்சியது, அடித்தது, பெயிண்ட், சங்கிலி, வேப்பமரம், ஒளித்து வைத்தது, கஸ்தூரியிடம் சொன்ன பொய். பட்டாளத்தில் அதிகாரி முன்னால் அறிக்கை சொல்லும் தொனி அவருக்கு வந்துவிட்டது. வேறு எந்தத் தொனியிலும் அவரால் சொல்லியிருக்க முடியாது.

வஹீதுன்னிசா கேட்டாள். "சங்கிலி கேட்டப்போ இன்னான்னு கேட்டாரு?"

"'சரி, சங்கிலி எடு. நான் எடுத்துகினு வரல'ன்னான்."

"நீங்க வேணாம்னதும்?"

"'நீ சொல்றே. சரி'ன்னான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அழுகை அப்போதுதான் வந்தது. உள்ளேயிருந்து குல்ஷன் ஓடி வந்து தாயின் பக்கத்தில் நின்றாள். கஸ்தூரி எழுந்தாள். ஆனால் கிட்டே போகத் தைரியம் வரவில்லை.

"நாலு மாசம்" என்றாள் வஹீதுன்னிசா. "நாலு மாசம் நான் அவர சந்தேகப்பட்டேண்ணே. தொழும்போது கூட. மௌத்தான மனுசன சந்தேகப்பட வெச்சிட்டீங்க."

"தப்புதான்மா. எந்த தண்டனைன்னாலும்..."

"எங்கிட்ட சொல்லி இன்னா ஆவுது? கடையில போயி சொல்லுங்க. எவன் எவன் பேசினானோ அவன் காதுல உழணும்."

அங்கிருந்து நேரே டயர் கடைக்குப் போனார். லாரி டிரைவர்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கலீல் ரகுமான் ட்யூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். உலகநாதன் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி இரண்டாம் தடவையாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை கலீல் நிமிரவில்லை. பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். இரண்டு முறை அறைந்தார். இரண்டாவது அறையில் உலகநாதனின் உதடு கிழிந்தது.

"எந் தம்பி குடிச்சிட்டு செத்தான்னானுங்க" என்றார் கலீல். மூச்சு வாங்கியது. "நானும் நம்பினேன்யா. கூடப் பொறந்தவன் நானே நம்பினேன். நாலு மாசமா அவன் கபுருப் பக்கம் நான் போவல. போய்யா. எங் கண்ணு முன்னால நிக்காத."

மறுநாள் காலையில் உலகநாதன் வளையத்தைக் கோணிப் பையில் சுற்றிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனார். எழுத்தர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கேஸ் மூடியாகிவிட்டது, செத்தவர் வீட்டிலிருந்து மனு வந்தால் பார்க்கலாம் என்றார். மனு கொடுக்கச் சொல்லிக் கேட்கக் கஸ்தூரி மட்டும் வஹீதுன்னிசாவிடம் போனாள். அவள் மறுத்துவிட்டாள்.

"அண்ணன் உள்ள போயி குந்திக்கினா, கேக்கறவனுக்கு யாரு பதில் சொல்றது? வெளியவே இருக்கட்டும்க்கா. எவன் வந்து கேட்டாலும் சொல்லட்டும்."

அதற்குப் பிறகு உலகநாதனிடம் யாரும் வண்டி கொண்டுவரவில்லை. சக்திமானை இரும்பு விலைக்கு வாங்கியவர்கள் அது நின்ற இடத்திலேயே கேஸ் கட்டர் வைத்து வெட்டினார்கள். மூன்று நாள் ஆனது. கஸ்தூரி அந்த மூன்று நாளும் கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தாள். அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காவலாளி வேலை கிடைத்தது. ரயிலில் போய் வந்தார். கேட்டில் வண்டி நிறுத்தும் டிரைவர்களில் யாராவது எப்போதாவது, "நீதான அந்த பூந்தமல்லி டயர்காரர்..." என்று ஆரம்பிப்பார்கள். "ஆமா" என்பார். அவர்கள் கேட்ட அளவுக்குச் சொல்வார். சொல்லச் சொல்ல லேசாகும் என்று முதலில் நினைத்திருந்தார். அப்படி ஆகவில்லை.

கஸ்தூரி மெல்ல மெல்லப் பேச ஆரம்பித்தாள். ஆனால் அவர் எதையாவது "நான் பாத்துட்டேன்" என்று சொன்னால் — கேஸ் அடுப்பு மூடியதோ, கதவு தாழிட்டதோ — எழுந்து போய் அவளும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

1995இல் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கலீல் ரகுமான் பட்டாபிராம் வீட்டு கேட்டில் வந்து நின்றார். தாடி நரைத்திருந்தது. உள்ளே வரவில்லை.

"குல்ஷனுக்கு ஒரு எடம் வந்துகீது. மாப்பிள்ள ஊட்டுக்காரங்க வாணியம்பாடி. எவனோ போயி அந்தப் பழைய குடிகார கதைய ஓதிட்டான். நாங்க சொன்னா, ஊட்டு மனுசங்க அப்படித்தான் சொல்வாங்கன்றாங்க. நீ வந்து சொல்லணும்."

உலகநாதன் ராத்திரி வேலைக்குப் போக வேண்டியவர். கம்பெனிக்குச் சொல்லி அனுப்பக்கூட இல்லை. முகம் கழுவிக்கொண்டு கலீலின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறினார்.

பூந்தமல்லி வீட்டின் முன்கூடத்தில் பாயில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். உலகநாதனும் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். திரைக்குப் பின்னால் பெண்களின் வளையல் சத்தம் கேட்டது. அவர் ஆரம்பித்ததும் அது நின்றது.

சொல்லி முடித்ததும் மாப்பிள்ளையின் பெரியப்பா, "உங்களுக்கு இதச் சொல்றதுல ஏதாச்சும் லாபம் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அந்த மனுசன் குடிச்சி நீங்க பாத்ததே இல்ல?"

"ஒரு தடவகூட இல்லைங்க. அவன் மேல ஒரு தப்புதான் சொல்லலாம். நான் சொன்னத நம்பினான்."

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் தலையை ஆட்டினார். அதற்குமேல் அவரிடம் கேட்க எதுவும் இல்லை. உள்ளேயிருந்து தட்டில் ஷர்பத் வந்தது. வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். அவருக்கும் ஒரு கிளாஸ் வைத்தார்கள். அவர் அதைத் தொடாமல் எழுந்தார்.

கலீல் பஸ் ஸ்டாண்டுவரை கூட நடந்து வந்தார். ஆவடி பஸ் வரும் இடத்தில் நின்றுகொண்டு, "முடிஞ்சிடும்னு நெனக்கிறேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "கல்யாணத்துக்கு உன்ன கூப்பிட மாட்டோம். புரியுதில்ல?" என்றார்.

"புரியுது பாய்."

"வஹீதா கிட்டயும் வர வேணாம். கஸ்தூரிய மட்டும் அனுப்பு. அது வரட்டும்."

"அனுப்பறேன்."

பஸ் வந்தது. சாயங்காலக் கூட்டம். உலகநாதன் படியில் கால் வைக்க இடம் கிடைத்து ஏறிக்கொண்டார்.